மணற்கேணியும் வேலியும்

ஊர்ப் பெயர்களை ஊன்றி நோக்குவோர்க்கு அவை பழைய வரலாற்று ஏடுகளைப்போலவே பயன்படும். திருகோணமலை மாவட்டத்துப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். பாலையூற்று என்கிறோம், ஆலங்கேணி என்கிறோம். ஊற்றும் கேணியும் ஊருக்கே பெயராய் அமைந்துவிட்டன. முதலிற் குடியேறியோர் எந்த மரத்தடியில் நீரைக் கண்டனரோ, அந்த மரத்தையும் அந்த நீரையும் சேர்த்தே தம் ஊருக்குப் பெயராக்கினர் என்று கொள்வது பெரும் பிழையாகாது. நகரிலிருந்து வடக்கே கரையோரமாகச் சென்றால் முதலில் உப்புவெளி வருகின்றது. அதற்கும் அப்பால் நிலாவெளி. ஒன்றின் பெயரில் உப்பு, மற்றதன் பெயரில் நிலவு. கிணறு வெட்டுகிறவனுக்கு இவற்றுள் எந்தப் பெயர் கவலை தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமது துறைமுகத்தின் பெருமை உலகறிந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து இதற்காகப் போரிட்டனர். 1957 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் செல்லும்வரை, வங்கக் கடலின் பெரும் போர்க் கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டன. கப்பலோட்டி ஒரு துறைமுகத்தில் எதிர்பார்ப்பன பல. அவற்றுள் முதன்மையானவை மூன்று: அடியில் ஆழம், புயலுக்கு மறைவு, கரையில் குடிநீர். முதலிரண்டையும் பற்றி எழுதிக் குவித்தாயிற்று. மூன்றாவதைப் பற்றி, அஃதாவது நம் வீட்டு வளவுகளிலே வாய் திறந்து கிடக்கும் கிணறுகளைப் பற்றி, இவ்வாரம் சிறிது பேசுவோம்.

மணலிலே தோண்டப்பட்ட கேணியை வள்ளுவர் கல்விக்கு உவமையாகக் கொண்டதை அறியாத தமிழ் மாணவர் இலர். தோண்டுமளவிற்கு ஊறும் என்பது அவ்வுவமையின் உயிர். கல்விக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆற்று மணலுக்கும் பொருந்தும். ஆனால் கடற்கரை மணலுக்கு ஓரளவு வரைக்குமே பொருந்தும். அந்த அளவைத் தாண்டித் தோண்டினால் ஊறுவது நீர்தான்; ஆயினும் அதனை வாயில் வைக்க முடியாது. இந்த ‘ஓரளவு’ எவ்வளவு, அதனை நிர்ணயிப்பது எது என்பதே நமது விடயம்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இங்கே உதவும். “ஐயா, அலை வந்து தொடும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கிணறு இருக்கிறது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, எங்கள் கிணற்றில் எப்படி நல்ல தண்ணீர் நிற்கிறது?” என்றாள். நல்ல கேள்வி. கடலின் உப்பை மணல் வடிகட்டிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். மணல் கலங்கலை வடிக்கும். கரைந்த உப்பை வடிக்காது. அப்படி வடிக்குமானால் கடலிலே மீன்பிடிக்கச் செல்வோர் ஒரு மணற்பானையோடு புறப்படலாமே!

உண்மை வேறு. கிணற்றில் நிற்பது கடல்நீரன்று, மழைநீர். ஐப்பசி முதல் தை வரை வாடையோடு பெய்யும் மாரிமழை மணலுக்குள் இறங்கி, அடியிலே தேங்கி நிற்கும் உவர்நீரின் மேல் ஒரு மிதவைபோல் அமர்ந்துகொள்கின்றது. நன்னீரிலும் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது; ஆகவே மேலே நன்னீர், கீழே உவர்நீர். இவ்விரண்டிற்கும் இடையே சுவர் ஏதும் இல்லை. எடை வேறுபாடு ஒன்றே அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றது.

இதனைக் கணக்கிட்டு நிறுவியவர்களுள் ஒருவர், நமது துறைமுகத்தை ஒரு காலத்தில் ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டைச் சேர்ந்த பாடன் கைபென் என்னும் இராணுவப் பொறியியலாளர். அவருடைய கணிப்பு 1880களின் இறுதியில் வெளிவந்தது. அதனை அறியாமலே செருமானியப் பொறியியலாளர் ஹெர்ட்ஸ்பேர்க் என்பார் வடகடல் தீவொன்றின் கிணறுகளை ஆராய்ந்து, 1901 இல் அதே முடிவைக் கண்டார். இருவர் பெயராலும் வழங்கும் அந்த விதியை மாணவர்கள் நினைவில் வைப்பது எளிது. நிலத்தடி நீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்பதற்கு எவ்வளவு மகிழ்ச்சியான செய்தி! ஆயின் இக்கணக்கைத் திருப்பிப் படிக்க வேண்டும். மட்டம் அரை அடி தாழ்ந்தால், அடியிலுள்ள நன்னீர் 20 அடியாகச் சுருங்கும். மேலே நாம் ஒரு சாண் எடுக்க, கீழே உவர்நீர் ஏறத்தாழ ஐந்து ஆள் உயரம் ஏறி வரும். இது ஒரே நாளில் நிகழ்வதில்லை; கணக்குச் சொல்லுமளவிற்கு அப்படியே எங்கும் நிகழ்வதுமில்லை. எனினும் போக்கு அதுவே. ஒரு கிணற்றிலே விரைந்து இறைக்குமிடத்து, அதன் நேர் அடியில் உவர்நீர் கூம்புபோல் எழுகின்றது. கூம்பின் நுனி கிணற்றடியைத் தொட்ட அன்று, அந்த வீட்டிலே தேநீரின் சுவை மாறிவிடும்.

எல்லாக் கிணறும் இத்தகையன அல்ல. இலங்கையின் நிலத்தடி நீரை ஆராய்ந்த பானபொக்கே முதலிய மண்ணியலறிஞர், நாட்டின் நீர்தாங்கு படைகளை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினர். நமது மாவட்டத்திலே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கங்களில் இருப்பவை பழைய கடற்கரைகள் உயர்ந்து அமைந்த மணற்படைகள். மூதூர்ப் பக்கத்தில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டற்படை. உள்நாட்டிலே கந்தளாய், முதலிக்குளம் போன்ற இடங்களில் கடும் பாறையும், அதன்மேல் உக்கி உதிர்ந்த மண்ணும். அங்கே கிணற்றுக்கு நீர் தருவது பெரும்பாலும் பக்கத்துக் குளமே. குளம் வற்றினால் கிணறும் வற்றுவதைக் கமக்காரர் ஆய்வாளரின் துணையின்றியே அறிவர். பாறை நிலத்து நீருக்கு வேறு குற்றங்கள் உண்டு. கடினத்தன்மையும் சில இடங்களில் புளோரைட்டும் மிகுதி. பதவிசிறிபுரப் பகுதியை வாட்டும் சிறுநீரக நோயில் இவற்றின் பங்கு என்ன என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. அது தனியே எழுதப்பட வேண்டிய பொருள்.

கன்னியாவை மட்டும் ஒரு சொல் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில் ஏழு சிறு கிணறுகள், ஒன்றுக்கொன்று சில அடி தூரத்தில், ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டோடு இருப்பதைக் கண்டு வியவாதார் இல்லை. இராவணன் தன் தாயின் இறுதிக் கடனுக்காக உண்டாக்கினான் என்பது வழிவழி வந்த கதை. அங்கே நீராடிப் பிதிர்க்கடன் செய்யும் வழக்கமும் அதனோடு வந்ததே. எரிமலை எதுவும் அருகில் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளினூடே மிக ஆழத்திற்கு இறங்கி, கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை ஏறும் பூமியின் உட்சூட்டைப் பெற்று, வேறு வெடிப்புகள் வழியே மீண்டும் மேலே வருகின்றது. அருகருகே இருக்கும் கிணறுகளிற் சூடு வேறுபடுவதற்கு, அடியிலே வெந்நீரோடு குளிர்ந்த நீர் கலக்கும் அளவு வேறுபடுவதே காரணம் என்பர். நிலத்தடியிலே நீர் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்குக் கண்கண்ட சான்று வேண்டுவோர் கன்னியாவுக்குச் செல்லலாம்.

இனி மணற்கேணிக்குத் திரும்புவோம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலை, ஆழிப்பேரலை நமது கரையை விழுங்கியபோது உயிர்களை இழந்தோம். வீடுகளையும் வள்ளங்களையும் இழந்தோம். அந்த இழப்பின் நடுவே கிணற்றை எண்ணியவர் யார்? ஆனால் மூன்றாம் நாள் எண்ண வேண்டியதாயிற்று. கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளில் கடல்நீரும் சேறும் குப்பையும் நிறைந்து கிடந்தன. நாடு முழுவதும் கெட்டுப்போன கிணறுகள் 50,000க்கு மேல் என மதிப்பிடப்பட்டது. திறந்த கிணறே நமது பலம். அன்று திறந்த கிணறே நமது பலவீனமுமாயிற்று. மூடியில்லாத வாயின் வழியாக அலை நேரே உள்ளே இறங்கியது.

உதவ வந்தோர் நல்ல நெஞ்சத்தோடு வந்தனர். நீரிறைக்கும் யந்திரங்களோடும் வந்தனர். ஓர் அமைப்பினர் வந்து கிணற்றை வற்ற இறைத்துச் சென்றனர். நீர் மீண்டும் ஊறியது. சுவைத்துப் பார்த்தால் உப்பு. வேறோர் அமைப்பினர் வந்து மீண்டும் இறைத்தனர். மீண்டும் உப்பு. மேலே இருந்த கடல்நீரை அகற்றுவதாக எண்ணி, அடியிலிருந்த உவர்நீரை மேலே அழைத்துக்கொண்டிருந்த இடங்களும் உண்டு. இறைத்து வெளியே கொட்டிய உப்புநீரும் அதே மணலினூடே அதே கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. கிழக்குக் கரையிலே கள ஆய்வு செய்த கொழும்பு சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினரும், 2006 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட இலங்கை, அமெரிக்க அறிஞர்களும் இதுபற்றி எச்சரித்தனர். சேற்றை வாரி, ஒரு முறை மெதுவாக இறைத்து, நோய்க்கிருமி நீங்கக் குளோரீன் இட்டு, அதன் பின்னர் கிணற்றைச் சும்மா விட்டுவிடுங்கள் என்பதே அவர்கள் கூறியதன் சாரம். சும்மா விடுவது எவ்வளவு கடினமான செயல்! தாகத்தோடு நிற்பவனிடம் பொறுத்திரு என்று சொல்வதாகும் அது. அந்த இடைக்காலத்தில் தாங்கி வண்டிகள் கொண்டுவந்த நீரே மக்களைக் காத்தது. முடிவிலே கிணறுகளைத் தேற்றியது யந்திரமன்று. ஓரிரு மாரிகளின் மழை மணலினூடே இறங்கி, உப்பைச் சிறிது சிறிதாகக் கீழே தள்ளிற்று.

ஆழிப்பேரலை ஒரு காலையில் செய்ததை நாம் ஆண்டுக்கணக்கில், ஓசையின்றிச் செய்துகொண்டிருக்க முடியும். அதற்கு அலை வேண்டியதில்லை. ஒரு பொத்தான் போதும்.

துலா இருந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆடுகாலும் துலாவும் கொடியும் பட்டையுமாக ஒரு தோட்டத்திற்கு இறைப்பதென்றால் விடியுமுன் எழ வேண்டும். துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடிக்க, வேறொருவர் பாத்தி மாற்ற வேண்டும். உடல் களைத்தது, அக்களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. மனிதன் ஓயும்போது கிணறும் ஓய்ந்து ஊறியது. இன்று அரைக் குதிரைவலு மோட்டார் நிமிடத்திற்கு 30, 40 லீற்றரை இழுத்துக்கொண்டே இருக்கும்; அதற்குக் களைப்புத் தெரியாது. மேல்தொட்டி நிரம்பி வழிவதை அடுப்படியிலிருந்து எழுந்து சென்று நிறுத்துவதற்குத்தான் நமக்குக் களைப்பு. துலாவுக்குத் திரும்பிப் போங்கள் என்று எவரும் கூறார். கூறினாலும் எவரும் கேளார். பெண்களின் தோளிலிருந்து குடத்தை இறக்கிவைத்த யந்திரத்தை நான் பழிக்கப்போவதில்லை. ஆயினும் களைப்பு செய்த காவலை இனி அறிவு செய்ய வேண்டியிருக்கின்றது.

போர் ஓய்ந்த 2009 இன் பின்னர் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் உல்லாச விடுதிகள் பெருகின. ஊருக்கு வருவாய் வந்தது. பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது. அதே மணற்படையிலேதான் வெங்காயத் தோட்டங்களும் இருக்கின்றன, குடிமனைகளும் இருக்கின்றன. பல வாய்கள் ஒரே கோப்பையில் உறிஞ்சுகின்றன. கோப்பையோ ஆண்டுக்கு ஒரு தடவையே நிரம்புவது. வாடை ஓய்ந்து, கச்சான் காற்று அனல் வீசத் தொடங்கும் மாதங்களில்தான் வெளிநாட்டார் நமது கரைக்கு மிகுதியாக வருகின்றனர். கோப்பை குறையும் காலமும் குடிப்போர் பெருகும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டிலே சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூரில் காணலாம். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு அப்பகுதியின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. நீர்வளம் மிகுந்தது எனக் கண்டு, நகருக்கும் தொழிற்சாலைகளுக்குமாகக் குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. கமக்காரரும் இறைத்தனர். கடல்நீர் நிலத்தடியே உட்புகுந்து பல கிலோமீற்றர் தூரம் முன்னேறியது. நெல் விளைந்த ஊர்களிலே கிணறுகள் கைவிடப்பட்டன. அரை நூற்றாண்டு கழிந்தும் அது பின்வாங்கவில்லை. நிலத்தின் மேல் வரும் கடல் சில நிமிடங்களில் திரும்பிச் சென்றுவிடுகிறது. நிலத்தின் கீழ் வரும் கடலைத் திருப்பி அனுப்புவதற்குத் தலைமுறைகள் வேண்டியிருக்கின்றன.

“என் காணி; என் கிணறு; நான் எவ்வளவும் இறைப்பேன்; கேட்பதற்கு நீ யார்?” என்று ஒருவர் வினவலாம். சட்டம் நெடுங்காலம் அவர் பக்கமே நின்றது. 1843 இல் இங்கிலாந்திலே ஆக்ற்றன் என்பவருக்கும் பிளண்டெல் என்பவருக்கும் இடையே ஒரு புகழ்பெற்ற வழக்கு நடந்தது. ஒருவருடைய நிலக்கரிச் சுரங்கத்தினால் மற்றவருடைய பருத்தி ஆலைக் கிணறு வற்றிப்போயிற்று. ஆற்று நீருக்குரிய விதி நிலத்தடி நீருக்குப் பொருந்தாது. தன் நிலத்தின் அடியில் உள்ளதை உடையவன் எடுத்துக்கொள்ளலாம். அதனால் அயலவன் கிணறு வற்றினும் அவனுக்கு வழக்கில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. நிலத்தடி நீர் எங்கிருந்து எங்கே போகின்றது என்பது கண்ணுக்குத் தெரியாத இரகசியமாக இருந்த காலத்துத் தீர்ப்பு அது. இன்று அந்த இரகசியம் பள்ளிப் பாடமாகிவிட்டது. தீர்ப்பின் நிழல் மட்டும் நம் மனங்களில் நீங்கவில்லை.

நமது முன்னோர் வேறொரு வழியையும் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளைப் படித்தவர்கள் அறிவர்: காணியோடு கிணற்றிற் பங்கும், கிணற்றுக்குச் செல்லும் வழியும், நீர் ஓடும் வாய்க்காலும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பங்குக் கிணற்றில் இன்ன நாள் இன்னாருடைய இறைப்பு என்ற முறை இருந்தது. அம்முறையால் வழக்குகளும் வந்தன என்பது உண்மை. பங்குக் கிணற்றுச் சண்டையில் பேச்சை நிறுத்திய உறவினர் கதை அக்கிராமங்களிலே ஏராளம். எனினும் சண்டையிட்டவர்கள்கூட, நீர் பொதுவானது என்பதை ஒப்புக்கொண்டே சண்டையிட்டனர். வளவுக்கு ஒரு கிணறு வந்த பின்னர் சண்டை ஓய்ந்தது. பொது என்ற எண்ணமும் அதனோடு ஓய்ந்தது. வேலி நிலத்தைத்தான் பிரிக்கின்றது. கதியால்களின் வேர் இறங்கும் ஆழத்திற்கு அப்பால் வேலி என்று எதுவும் கிடையாது.

இதனை அண்மைக் காலத்தில் நமக்குப் புகட்டியது சுன்னாகம். அங்கே மின்நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக எழுந்த முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெருங் கிளர்ச்சியாயிற்று. தம் காணிக்குள் எவரும் எண்ணெய் ஊற்றாதிருக்கவே பல குடும்பங்கள் தம் கிணற்றை இழந்தன. 2019 ஏப்ரலில் நமது உயர் நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய கம்பனி பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 1843 இன் தீர்ப்பையும் 2019 இன் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கும் சட்ட மாணவருக்கு நல்ல பயன் உண்டு. ஒன்று நீரை எடுத்தது பற்றியது, மற்றது நீரைக் கெடுத்தது பற்றியது என்ற வேறுபாட்டை மட்டும் மறத்தலாகாது. சீனன்குடாவிலே வரிசை வரிசையாக எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டிருக்கும் நமது மாவட்டத்தார் இதனைக் கவனத்தோடு படித்து வைத்தல் தகும்.

எண்ணெயைப் பற்றிப் பேசுவது எளிது, அது பிறர் குற்றம். நம் குற்றமும் ஒன்று உண்டு. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியேனும் இருக்க வேண்டும் எனச் சுகாதாரப் பரிசோதகர்கள் காலங்காலமாகக் கூறி வருகின்றனர். பருமணலில் நீர் விரைந்து ஓடுமாதலின் அந்தத் தூரமும் போதாது. பத்துப் பேர்ச்சஸ் துண்டுகளாக வளவுகள் பிரிக்கப்பட்ட பின்னர், நம் கிணற்றிலிருந்து நம் குழி தூரத்தில் இருந்தாலும், அடுத்த வளவுக் குழி நம் கிணற்றின் தலைமாட்டில் இருக்கின்றது. மதில் நடுவே நிற்பதால் இரு வீட்டாரும் அதனைக் காண்பதில்லை. தோட்டத்திலே இடும் பசளையில் மிச்சப்படும் நைத்திரேற்றும் மணலில் இலகுவாக இறங்கிவிடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு; மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனை எடுத்துச் செல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயும். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகையால் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள கிணற்று நீரைப் புட்டிப் பாலுக்குச் சேர்க்குமுன் ஒருமுறை பரிசோதிப்பித்தல் வேண்டும்.

“குழாய் வந்துவிட்டதே, இனிக் கிணறு எதற்கு?” என்போரும் உளர். நகருக்கும் சுற்றுப்புறத்துக்கும் வரும் குழாய்நீர் கந்தளாய்க் குளத்து நீர். குளக்கோட்டன் கட்டியதென நாம் போற்றும் அக்குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதை முதியோர் மறந்திரார். குளத்தைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒரே ஊற்றை நம்பி ஒரு மாவட்டம் வாழ்வது அறிவுடைமையன்று என்பதற்காகவே சொல்கிறேன். மேலும், குழாய் வந்த வீட்டுக் கிணறு கைவிடப்பட்டால் அது சும்மா கிடப்பதில்லை; குப்பைக் குழியாகிவிடுகின்றது. அக்குப்பையின் சாறு அயல் வீட்டுக் கிணற்றுக்குச் செல்லும் வழியை முன்னரே கண்டோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. நீர்வளச் சபை 1964 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்தது. நிலத்தடி நீரை ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. ஆயினும் ஒவ்வொரு வளவிலும் ஓர் அதிகாரியை நிறுத்த இயலாது. நிறுத்தினாலும் நாம் விரும்பமாட்டோம். எனவே வீட்டளவிலும் ஊரளவிலும் செய்யக்கூடியதே பெரிது. நமது கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றின் மேல் மட்டும் விழுவது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் லீற்றர். இதனைப் பீலி வழியாகத் தெருவுக்கு விட்டுவிட்டு, கோடையில் தாங்கி வண்டியை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறோம். தமிழ்நாட்டு அரசு 2003 இல் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர் பலர். பின்னர் சென்னையின் பல கிணறுகளில் மட்டம் உயர்ந்ததைக் கண்டு அவர்களே மெச்சினர். மணல் நிலத்தில் இது இன்னும் எளிது. பீலிநீரை வடித்து விடுவதற்குக் கல்லும் மணலும் இட்ட ஒரு குழி போதும். குழி மலகூடத்தின் பக்கமாக இராமல் பார்த்துக்கொண்டால் சரி. இறைக்கும்போது ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல், காலையிற் சிறிது மாலையிற் சிறிதாக எடுக்க வேண்டும். நீர் போதவில்லையென்று கிணற்றை ஆழமாக்குவது கரையோரத்தில் ஆகாத வேலை. அகலமாக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு இட்டு, நுனியில் ஒரு சிறு தகரக் குவளையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். கிணற்றுக்கட்டில் ஓரிடத்தைச் சாயத்தால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மெல்ல இறக்குங்கள். குவளையின் வாய் நீரைத் தொட்டவுடன் ‘டொப்’ என்று ஒலிக்கும். அப்போது முடிச்சுகளை எண்ணினால் நீர்மட்டம் கிடைத்துவிடும். மாதத்தில் ஒரு நாள், காலையில் எவரும் இறைக்குமுன் அளக்க வேண்டும். அதே நாளில் ஒரு போத்தல் நீர் எடுத்துச் சென்று, கல்லூரி ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சில துளிகள் விட்டுப் பாருங்கள். உப்பு இருப்பின் வெண்மையாகத் திரையும். உப்பு ஏற ஏற வெண்மை அடர்த்தியாகும். நாள், மட்டம், வெண்மையின் அளவு, கிணற்றிலிருந்து கடலுக்குள்ள தூரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அயலவர் கிணறுகளுக்கும் அவர்களுடைய அனுமதியோடு இதனையே செய்து, ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கலாம். ஒரு வகுப்பார் சேர்ந்தால் ஒரு கிராமமே அடங்கிவிடும். முதல் அளவைப் புரட்டாசி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். வாடை எழுமுன், கிணறுகள் மிகவும் கீழே இறங்கி நிற்கும் காலம் அதுதான்.